தண்ணீரை விட்டு ஏறமாட்டேன்

லுசாக்கா,
பிப்ரவரி 4, 1996

எலி தின்னி தோக்கோவுக்கு,

குரங்கு தின்னி லோம்பே எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். என் சாவு வீட்டுக்கு வந்து கூத்தடிக்கலாம் என்று காத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறு. இந்த முகாம் போகிற போக்கில் அதற்கும் வேளை வந்துவிடும் போலிருக்கிறது.

நீ போன வருடம் பார்த்த அதே குளம், அதே பள்ளிக்கூட விடுதி, அதே பயிற்சியாளர் பா கபாசா. விசில் மட்டும் புதிது, பழையதைவிடக் கொடூரமாகக் கத்துகிறது. காலையில் ஐம்பது மீட்டரை உயிரை விட்டு நீந்தச் சொல்கிறார். மூச்சு முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்த ஐம்பது. அப்புறம் இன்னொன்று. வயிறு புரட்டி வாய்க்கு வரும்வரை. கடைசியாகச் சுவரைத் தொட்ட கையை இன்னும் எடுத்திருக்க மாட்டோம், விசில் அடித்துவிடும். "எல்லாரும் வெளிய! உக்காருங்க! ஓய்வுன்னா அசையாம இருக்கறது. சண்ட போட்டுட்டு வந்த சிப்பாய் மறுபடி களத்துலயா சுத்திக்கிட்டு இருப்பான்?"

நாங்களும் ஏறி, சிமெண்ட் படியில் வரிசையாக உட்கார்கிறோம், கரையில் தூக்கிப் போட்ட மீன்கள் மாதிரி. சாயங்காலம் திரும்பவும் அதே கதை. படுக்கும்போது கொசுவலையைக் கட்டக்கூடக் கை மேலே போகமாட்டேன் என்கிறது. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறது. தூக்கம் வருவதில்லை, வந்தால் காலை வந்துவிடுகிறது.

ஏப்ரலில் பக்கத்து நாட்டில், புலவாயோவில் போட்டி. பெண்கள் ஐம்பது மீட்டருக்கு இரண்டே இடம். மார்ச் கடைசியில் தேர்வு நீச்சல். வந்த புதிதில் நான்தான் முதல். இப்போது என் அறைத்தோழி நசிலெலேகூட என்னை முந்துகிறாள், அவளும் போன வாரத்தைவிட மெதுவாகத்தான் நீந்துகிறாள். நாளுக்கு நாள் உழைப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது. இது என்ன கணக்கு, தோக்கோ? நீதான் ஆசுபத்திரியில் தசை, நரம்பு, எலும்பு என்று படிக்கிறாயே. எலி பிடிக்கப் போகும் நேரம் போக மிச்சம் இருந்தால் எனக்கு ஒரு வழி சொல்லு.

உன் பரம எதிரி,
லோம்பே


கிட்வே,
பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய செல்வி லோம்பே கசோண்டே அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. இங்கு நல்ல மழை. தங்கள் தாயாரைச் சந்தையில் கண்டேன். நலமாக இருக்கிறார்.

தங்கள் பயிற்சி குறித்துக் கேட்டிருந்தீர்கள். தங்களுக்கு அனுபவம் மிக்க பயிற்சியாளர் இருக்கிறார். தங்களைப் போலவே பெம்பா இனம், தங்களைப் போலவே யானைக் குலம், தங்களுக்குத் தாய்மாமன் முறை. அவரிடம் கேட்பதே பொருத்தம். ஒரு மாணவியான நான் அதில் தலையிடுவது அழகல்ல.

தேர்வில் தாங்கள் வெற்றி பெற வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
தோக்கோசிலே ஜெரே


லுசாக்கா,
பிப்ரவரி 15

அடியே,

"தங்கள்" என்றால் என்னடி அர்த்தம்? "அவர்கள்" யாரடி? வேறு யாருக்கோ எழுதியதை என் உறையில் போட்டுவிட்டாயோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நசிலெலேயிடம் காட்டினேன். அவள் வேறு இனம், லோசிக்காரி, நம் சமாச்சாரம் அவளுக்குப் புரியாது. "நல்லாத்தானே எழுதியிருக்கா, எவ்வளவு மரியாத!" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ங்கோனி இனத்தில் பிறந்தவள் ஒரு பெம்பாவுக்கு மரியாதை கொடுத்தால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் பகை. நம் முப்பாட்டன்மார் ஈட்டியால் குத்திக் குத்தி அலுத்துப்போய்ச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வது, எழவு வீட்டில்கூடக் கூத்தடிப்பது, எவ்வளவு குத்தினாலும் கோபித்துக்கொள்ளாமல் இருப்பது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து "உன் சோத்துப் பெட்டியில குரங்கு வால் இருக்கா?" என்று கேட்டவள் நீ. அன்றிலிருந்து ஒரு நாள்கூட நீ எனக்கு மரியாதை கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறாய் என்றால் நான் எதையோ செய்திருக்கிறேன். என்ன அது? திட்டியே சொல்லு. வாழ்த்தாதே.

நீ பதில் சொல்லாததால் நாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டோம். யாரோ வெளிநாட்டு நீச்சல்காரன் பனிக்கட்டித் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் படத்தை நசிலெலே ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டாள். மீன் லாரிக்காரனிடம் கெஞ்சிக் கொஞ்சம் பனிக்கட்டி வாங்கி, பீப்பாயில் கொட்டி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் உள்ளே நின்றோம். வலி மரத்தது உண்மை. ஆனால் வெளியே வந்தபோது மீன் கூடை மாதிரி நாறினோம். சமையற்காரி எங்களைப் பார்த்து "கிலோ என்ன வெல?" என்று கேட்டாள். காலையில் எழுந்தால் கை மறுபடி இரும்பு.

இன்னொன்று. வலது தோளில் மூன்று நாளாகச் 'சொடக்' என்று ஒரு சத்தம். கையை முன்னால் நீட்டித் தண்ணீரைப் பிடிக்கும் இடத்தில். உன் தோள் கெட்டபோது உனக்கும் முதலில் இப்படித்தான் கேட்டதா?

லோம்பே


கிட்வே,
பிப்ரவரி 20

லோம்பே,

"தாங்கள்" போதும். அவ்வளவு மரியாதை எழுத என் கைக்குத் தெம்பில்லை. எழுதும் கையும் அந்தக் கைதான்.

என்ன செய்தாய் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

போன வருடம், அதே குளம். காலையில் ஆறு முறை உயிரை விட்டு நீந்திவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். பா கபாசா இன்னொரு முறை குதிக்கச் சொன்னார். நான் எழுந்து நின்று அவரிடம் சொன்னேன்: "ஏய் குரங்கு தின்னி, என் கை செத்துப்போச்சு. இன்னிக்கு என்னை விட்டுரு. இல்லன்னா நாளைக்கு என் எழவுல நீதான் வந்து கூத்தாடணும்." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ங்கோனிக்காரி அழாம என்னிக்கு வேல செஞ்சிருக்கா? எலி வளைக்குள்ள ஓடாத, தண்ணிக்குள்ள ஓடு!" எல்லோரும் சிரித்தீர்கள். உன் சிரிப்பு எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? சிரித்துக்கொண்டே குதித்தேன். பாதி தூரத்தில் தோள் கிழிந்தது.

இன்று வரை இந்தக் கை காதுக்கு மேலே போகாது. இனியும் போகாது. இடக்கையாலேயே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். நீ எனக்கு அடிக்கடி கடிதம் எழுதினாய், சந்தையில் பார்த்தால் கட்டிப்பிடித்தாய், எலியைப் பற்றி வேடிக்கை பேசினாய். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு அது நினைவில்கூட இல்லை என்று இந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

உன்மேல் எனக்குக் கோபம். உன் தோள்மேல் இல்லை. அது எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆகவே அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

உயிரை விட்டு நீந்தும்போது தசை தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரேயடியாக எரிக்கிறது. எரித்த கழிவு அங்கேயே தேங்குகிறது. ரத்தம் வந்துதான் அதை வாரிக்கொண்டு போகவேண்டும். நீ சட்டென்று ஏறி உட்கார்ந்தால் ரத்த ஓட்டமும் உன்னோடு உட்கார்ந்துவிடும். கழிவு கலைய வெகு நேரமாகும். அதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிடும், ஆறாத கையோடு மறுபடி குதிப்பாய். களைத்த கை ஒழுங்காகத் தண்ணீரைப் பிடிக்காது, கோணலாகப் பிடிக்கும். அந்தக் கோணல்தான் உன் 'சொடக்'.

ஏறாதே. அது ஒன்றுதான் முதல் மருந்து. வேக நீச்சல் முடிந்ததும் தண்ணீரிலேயே இரு. மல்லாந்து, குப்புற, எப்படி வேண்டுமானாலும், மெதுவாக நீந்து. பக்கத்தில் ஒருத்தி வந்தால் அவளோடு பேசிக்கொண்டே நீந்த முடிகிற அளவுக்கு மெதுவாக. நெஞ்சுத் துடிப்பு அடங்கி, கை உன்னுடையது மாதிரி ஆகும்வரை. அதற்கப்புறம் ஏறு.

பனிக்கட்டி வலியை மரக்க வைக்கும். போட்டி நாளில் உதவும். தினமும் அதைச் செய்யாதே, அது இதற்கு மாற்றும் இல்லை.

தோக்கோசிலே


லுசாக்கா,
பிப்ரவரி 26

தோக்கோ,

உன் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போது பேசுகிறேன், கேட்டுக்கொள்.

ஆமாம், சிரித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வாயில் எலி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு வேதம் ஓதினால் எவள் நம்புவாள்? "குரங்கு தின்னி" என்று ஆரம்பித்து "எழவு", "கூத்து" என்று முடித்தாய். எங்கள் ஊரில் அதற்குச் சிரிக்காவிட்டால்தான் அவமரியாதை. "பா கபாசா, எனக்கு வலிக்கிறது" என்று நீ நேராகச் சொல்லியிருந்தால் உனக்கு முன்னால் நான் அவர் கையைப் பிடித்திருப்பேன். உன் கை போனதற்கு நான் அழுதது உனக்குத் தெரியாது. அழுததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் சிரித்த குற்றத்தை மட்டும் என் தலையில் கட்டாதே. நான் ஏற்கமாட்டேன்.

அது போகட்டும், நீ சொன்ன வைத்தியத்துக்கு வருகிறேன். உனக்கு என்ன, எளிதாக "ஏறாதே" என்று எழுதிவிட்டாய். நீ ங்கோனி, அவரை எதுவும் சொல்லலாம். நான் பெம்பா, அதுவும் அவர் குலத்தில் பிறந்தவள். எனக்கு அவர் மாமா. பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'பா' போடாமல் அவர் பெயர் என் வாயில் வராது. பேசும்போது கண்ணைப் பார்ப்பதுகூட இல்லை. அவரிடம் போய் உங்கள் முறை தப்பு என்று சொல்வதா?

அதனால் தோடு தொலைத்தேன்.

கடைசி ஐம்பது முடிந்து விசில் அடித்ததும் "ஐயோ மாமா, தோடு விழுந்துருச்சு!" என்று கத்தினேன். தேடுகிற சாக்கில் தண்ணீரிலேயே மிதந்தேன். மெதுவாக அப்படியும் இப்படியும் போய் வந்தேன். என்ன அதிசயம்! சாயங்காலம் கை லேசாக இருந்தது. அடுத்த நாள் தலைத்தொப்பி தொலைந்தது. அதற்கடுத்த நாள் கொண்டை ஊசி. நசிலெலேக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவளும் ஒரு வளையலைத் தொலைத்தாள். நேற்றுக் குளத்தில் பாதிப் பேர் எதையாவது தேடிக்கொண்டிருந்தோம். பா கபாசா கரையில் நின்று தலையைச் சொறிந்தார். "இது கொளமா, திருடன் வீடா? ஒரு நாளைக்குத் தண்ணிய இறைச்சுப் பாத்துருவோம்" என்றார்.

'சொடக்' குறைந்திருக்கிறது. நேற்று நசிலெலேயை முந்தினேன். எப்படி என் புத்தி?

லோம்பே


கிட்வே,
மார்ச் 2

குரங்கு தின்னிக்கு,

குரங்கு தின்றால் குரங்குப் புத்திதானே வரும்? தோடு, தொப்பி, கொண்டை ஊசி. அடுத்தது என்ன, பல் செட்டா?

கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் நீ சொன்னதில் ஒன்று என்னைக் குத்திவிட்டது, அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் ங்கோனி இல்லை. நேராகச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. வலிக்கிறது என்று சொன்னால் பலவீனமானவள் என்று பெயரை அடித்துவிடுவாரோ என்று பயம். அதனால் வேடிக்கைக்குள் ஒளித்துச் சொன்னேன். ஒளித்து வைத்ததை அவர் கண்டுபிடிக்கவில்லை, நீயும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது நீ செய்வது என்ன? அதேதான். நான் கேலிக்குள் ஒளித்தேன், நீ தோட்டுக்குள் ஒளிக்கிறாய். அவர் தண்ணீரை இறைக்கிற நாளில் உன் கதை முடிந்தது. அப்போது நீ சோம்பேறி, பொய்க்காரி. உன் தோளைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு வாய் இருந்தது, அதை நம்ப ஆளில்லை. உன் பேச்சுக்கு நம்பிக்கை இருக்கிறது, உனக்கு வாய் இல்லை. வாயைத் திற, லோம்பே. மாமாவாவது மண்ணாங்கட்டியாவது. தோள் உன்னுடையது.

திறப்பதற்கு முன் வயிற்றையும் கவனி. தண்ணீரை விட்டு ஏறியதும், உடம்பு துவட்டுவதற்கு முன்பே ஏதாவது சாப்பிடு. அந்த நேரத்தில் தசை பசித்த குழந்தை மாதிரி, கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் போதும். ஒரு பெரிய குவளை முன்கோயோ குடி, நம் சோளப் பானம் போதும், கடையில் விற்கும் கலர் தண்ணீர் வேண்டாம். பிறகு வழக்கமான ந்ஷிமாக் களி, மீன், கீரை. உயிரை விட்டு நீந்திய நாளுக்கு மறுநாள் இலேசான நாளாக இருக்கவேண்டும். தோளை யாராவது பிடித்துவிட்டால் மாவு பிசைகிற மாதிரி குத்த விடாதே, விரலிலிருந்து நெஞ்சை நோக்கி மென்மையாகத் தடவச் சொல். எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம் தூக்கம். பகலிலும் தூங்கு. நீ குறட்டை விடுவாய் என்று நசிலெலேயிடம் முன்கூட்டியே சொல்லி வை.

தோக்கோ


மத்தேரோ, லுசாக்கா,
மார்ச் 7

தோக்கோ,

முகவரியைப் பார். இது என் அத்தை வீடு. முகாமில் இல்லை நான்.

நேற்றுக் காலை வாயைத் திறந்தேன். கடைசி ஐம்பது முடிந்தது, விசில் அடித்தது, எல்லோரும் ஏறினார்கள். நான் கயிற்றைத் தாண்டி ஓரத்துக்குப் போய் மல்லாந்து நீந்த ஆரம்பித்தேன், அவசரமே இல்லாமல்.

"இன்னிக்கு எது தொலஞ்சுது, மருமகளே?"

"எதுவும் தொலையல மாமா."

"அப்ப வெளிய வா."

"வரமாட்டேன்."

தாய்மாமனிடம் "வரமாட்டேன்" என்று சொன்ன பெம்பாப் பெண்ணை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. என் காதில் என் குரலே வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது.

"என்ன சொன்ன?"

"என் தோள் கெட்டுக்கிட்டு வருது மாமா. வேகமா நீந்துனப்புறம் மெதுவா நீந்துனாத்தான் கை ஆறும். நீங்க சொன்ன வேகத்துல ஒண்ணக்கூட நான் கொறைக்கல, கொறைக்கவும் மாட்டேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் தண்ணியில விடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன்."

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"தோக்கோ."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். "கேட்டீங்களா? எலி தின்னி சொன்னாளாம்!" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குள் ஏதோ அறுந்தது.

"அவ வலிக்குதுன்னு சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சோம் மாமா, நானும் சேந்துதான் சிரிச்சேன். அவ கை போச்சு. எனக்கு உங்ககிட்ட வெளையாடுற மொற இல்ல. அதனால நான் சொல்றது வெளையாட்டு இல்ல."

அவர் முகம் கறுத்துவிட்டது. "தண்ணிய விட்டு ஏறு. இல்லன்னா முகாம விட்டுப் போ."

"தண்ணிய விட்டு இப்ப ஏறமாட்டேன். கை ஆறட்டும், அப்புறம் முகாம விட்டுப் போறேன்."

அப்படியே செய்தேன். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, போய் வந்து, போய் வந்து, நெஞ்சு அடங்கும்வரை நீந்தினேன். பிறகு ஏறி, கிழங்கைத் தின்றுவிட்டு, பெட்டியைக் கட்டினேன். நீ பெருமைப்படுவாய் என்று தெரியும். ஆனால் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் தெரிந்துகொள். பயமாக இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் குலத்தைக் கூட்டிவிடுவாள்.

தேர்வு நீச்சலுக்கு எந்தக் கழகத்திலிருந்தும் வரலாம், முகாமில் இருக்கவேண்டும் என்று விதி இல்லை. கிட்வே கழகத்தின் பெயரில் வந்து நிற்பேன். அந்த இடத்தை நான் விடமாட்டேன். அடுத்த வாரம் வண்டி ஏறுகிறேன். சுரங்கக் கழகத்துக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வை. பயிற்சியாளர் வேண்டும். உனக்குக் கைதான் போயிற்று, தொண்டை போகவில்லையே?

லோம்பே


லுசாக்கா,
மார்ச் 31

எலிகளின் அரசிக்கு,

உன் பரீட்சை எப்படி? நீ இல்லாமல் வந்தது எனக்குப் பெரிய குறை. கரையில் நின்று "இன்னும் மெதுவா! ஆமைக்குப் பொறந்தவளே, இன்னும் மெதுவா!" என்று கத்த ஆளில்லை. வேகமாக நீந்தச் சொல்லித் திட்டும் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக நீந்தச் சொல்லித் தொண்டை கட்டியவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

காலையில் முதல் சுற்று. நான் மூன்றாவதாக வந்தேன். நசிலெலே எனக்கு முன்னால். இறுதிச் சுற்று மத்தியானம். எல்லோரும் ஏறிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்கள். பெரிய குளத்தில் ஆண்கள் நீந்த ஆரம்பித்துவிட்டதால் எனக்கு இடமில்லை. என்ன செய்வது? குழந்தைகள் குளத்தில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. கை போட்டால் தரை உரசுகிறது. குட்டிப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். பெரியவர்கள் கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு, "தங்கச்சி, போட்டி முடிஞ்சிருச்சு!" என்றார்கள். நான் நீந்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் ஒரு நிழல். நசிலெலே. "இங்க எனக்கும் எடம் இருக்கா?" என்றாள். இருவரும் எருமைகள் மாதிரி அந்தச் சேற்றுத் தண்ணீரில் கிடந்தோம், பேசிக்கொண்டே. பிறகு கிழங்கு, கடலை, முன்கோயோ. மாமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கினேன். குறட்டை விட்டேனாம்.

இறுதிச் சுற்றில் நான் முதல். நசிலெலே இரண்டாவது. காலையில் எங்களை முந்தியவள், நாள் பூராவும் போர்வைக்குள் இருந்தவள், பாதியிலேயே இறுகிப்போனாள். பாவம், நல்ல பெண்.

இப்போது கேள். பா கபாசா வந்தார். முகத்தில் சிரிப்பு. "என் ரத்தம்டா இவ! மருமகளே, திங்கக்கெழம முகாமுக்கு வந்துரு. நடந்தத மறந்துருவோம்."

"மறக்க வேணாம் மாமா. பயிற்சி கடைசியில எங்க கைய ஆற வைக்கத் தோக்கோவும் முகாமுக்கு வரணும். வந்தா நானும் வரேன்."

"அவ எதுக்கு? விடுதியில எலி அதிகமாயிருச்சா?"

நான் சிரிக்கவில்லை. நசிலெலே சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அந்தச் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றார், அது வரவே இல்லை. நசிலெலே திரும்பிப் போய்க் குளத்தில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். நானும் இறங்கினேன். நான் திரும்பிப் பார்த்தபோது கரையில் அவர் இல்லை.

இடம் என்னுடையது. ஆனால் பட்டியலில் கையெழுத்துப் போடுவது அவர். போடுவாரா மாட்டாரா தெரியாது. நான் சொன்னதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

லோம்பே


கிட்வே,
ஏப்ரல் 4

குரங்கு தின்னிக்கு,

உன் மாமா நேற்று இங்கே வந்தார்.

நான் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன எலி தின்னி, வைத்தியச்சி ஆயிட்டியாமே?" என்றார்.

"உக்காருங்க ஐயா," என்றேன். "உங்களுக்கு என்ன வேணும்?"

பாவம் மனுஷன், லோம்பே, அந்த "ஐயா"வைக் கேட்டதும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருடத்தில் முதல் தடவை.

தூக்கிக் காட்டினேன். அது நிற்கிற இடத்தில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் பயிற்சி பண்ணினா..."

"இல்லீங்க. இவ்வளவுதான்."

"அன்னிக்கு நீ நெசமாவா சொன்ன?"

"நெசமாத்தான் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டார் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு என்னிடம் அது இல்லை. தொப்பியை மடித்து மடித்து அதன் உருவத்தையே கெடுத்தார். பிறகு, "புலவாயோ வரைக்கும் நீ கூட இருந்தா, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"தினமும் கடைசி அரைமணி. அது என்னோடது. அதுல நீங்க வாயத் தெறக்கக் கூடாது."

"கால்மணி."

"அரைமணி."

"வேகமா நீந்தற நேரம் கொறையுமே!"

"வேகம் கொறையாது ஐயா. லோம்பேவப் பாத்தீங்கல்ல?"

சரி என்று தலையாட்டினார். பட்டியலில் உன் பெயரும் நசிலெலே பெயரும் இருக்கின்றன, தாளை என்னிடமே காட்டினார். ஆசுபத்திரியில் எனக்கு விடுப்பும் கிடைத்துவிட்டது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து என் முகத்தைப் பார்த்து நீயாகக் கண்டுபிடிக்க வேண்டாம். இதனால் எனக்குக் கை திரும்பாது. புலவாயோவில் உன் பெயரைக் கூப்பிடும்போது என் வயிறு எரியும். நான் நிற்கவேண்டிய இடம் அது. எரியட்டும். அதற்காக உன் கையையும் போகவிட நான் தயாராக இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறேன். திங்கட்கிழமை காலை அவர் பழக்கதோஷத்தில் விசில் ஊதுவார். ஊதட்டும். ஒருத்தியும் ஏறக்கூடாது. நான் சொன்ன பிறகுதான் ஏறவேண்டும்.

தோக்கோ